சித்தப்பாவுக்குத் தினமும் வந்த கடிதம்

பாஸ்வேர்டை மூன்று முறை தப்பாக அடித்துவிட்டு, நெற்றியில் ஏற்றி வைத்த கண்ணாடியை வீடெல்லாம் தேடுகிற வயசை எட்டிவிட்ட நம் கூட்டத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். சின்னவர்களுக்கு இதில் பாதி விளங்காது. டெலிபோனும் இன்டர்நெட்டும் ஒரே வயரில் ஓடின, ஒன்று பேசினால் மற்றது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று சொன்னால் என் மகள் நான் கதை விடுவதாகச் சிரிக்கிறாள். உங்களுக்குத் தெரியும்.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷத்துக் கோடை. கோவில்பட்டி. எனக்கு ஏழாம் வகுப்புப் பரீட்சை முடிந்து லீவு. எங்கள் வீட்டுக்குப் பின்கட்டிலேயே அப்பாவின் தீப்பெட்டி ஆபீஸ். வெளியூர்க்காரர்கள் ஃபேக்டரி என்பார்கள், எங்கள் ஊரில் அது ஆபீஸ்தான். குச்சிமருந்தின் வாசனை எங்கள் தலையணை வரைக்கும் வந்திருக்கும். புதுப் பாடப்புத்தகம் வாங்கினால் ஒரு வாரம்தான் புத்தக வாசனை, அப்புறம் அதுவும் தீப்பெட்டி வாசனைதான்.

சித்தப்பா அப்பாவுக்கு ஒரே தம்பி. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக இன்ஜினீயரிங் படித்தவர். அதற்கு மூன்று வருஷம் முன்னால் அமெரிக்கா போயிருந்தார். தொண்ணூற்றொன்பது முடிந்து இரண்டாயிரம் பிறக்கும்போது உலகத்துக் கம்ப்யூட்டர்களெல்லாம் வருஷத்தைக் குழப்பிக்கொள்ளும் என்று ஒரு பயம் இருந்ததே, அந்த வேலைக்கு. அப்பா கடைத்தெருவில் பெருமையாகச் சொல்லுவார்: "எந்தம்பி ரெண்டு சைபரச் சரிபண்ணப் போயிருக்கான்." கேட்டவர்கள், "ரெண்டு சைபருக்கா பிளேன்ல ஏத்திக் கூட்டிட்டுப் போறான்?" என்று வாயைப் பிளப்பார்கள். அந்த இரண்டு சைபரும் சரியானதும் சரிசெய்தவர்களுக்கு என்ன வேலை இருக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை.

அந்த வருஷம் தை மாதம் இரண்டு வார லீவில் வந்தபோது சித்தப்பாவுக்குப் பெண் பார்த்துப் பூ வைத்தார்கள். கழுகுமலை. அவர்களும் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருப்பவர்கள்தான். பெண் கம்ப்யூட்டர் சயின்ஸில் எம்.எஸ்சி. முன்பல் கொஞ்சம் எடுப்பு. சிரித்தால் கையால் வாயை மறைத்துக்கொள்வார். தட்டுத் தூக்கிக்கொண்டு போன நான் அன்றைக்கே கழுகுமலைச் சித்தி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்க அவர் சித்தப்பாவிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"எந்த லாங்குவேஜ்ல வேலை பாக்குதீங்க?"

"கோபால்" என்றார் சித்தப்பா.

பக்கத்தில் இருந்த என் அத்தை பதறிப்போய், "யாருடா அது கோபால்?" என்றாள். சித்தப்பாவும் கழுகுமலைச் சித்தியும் மட்டும் சிரித்தார்கள். அது ஒரு பழைய கம்ப்யூட்டர் பாஷையின் பெயர் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து நேராகச் சிரித்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கல்யாணம் ஆவணியில் என்று பேசி முடித்தார்கள்.

சித்திரையில் சித்தப்பா வந்து இறங்கினார். கல்யாணத்துக்காக நாலு மாச லீவு, வீட்டிலிருந்தே கொஞ்சம் ஆபீஸ் வேலை பார்க்கணும் என்றார். மதுரைக்குப் போய் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, மூன்று அட்டைப் பெட்டிகளில் வேன் வைத்துக் கொண்டுவந்தார். டெலிபோன் இருந்த முன்னறையில் அதை வைத்தார்கள். வீட்டில் இருந்த ஒரே டேபிள் ஃபேனை அம்மா கொண்டுபோய் அதன் முன்னால் வைத்தாள். "அதுக்குப் புழுங்கும்" என்றாள். அந்தக் கோடை முழுக்க நாங்கள் பனை விசிறியால் விசிறிக்கொண்டோம். கம்ப்யூட்டருக்குக் காற்று வந்தது. தன் பழைய சேலையில் அதற்கு மூன்று உறைகளும் தைத்துப் போட்டாள். அப்பா ஒருநாள் திரையைப் பார்த்துவிட்டு, "மை கம்ப்யூட்டர்னு எழுதியிருக்கே, வாங்குனது நீதான? வித்தவன் இன்னும் தன் கம்ப்யூட்டர்னு சொல்லுதான்?" என்று கேட்டார். சித்தப்பா சிரிக்கவில்லை. வந்ததிலிருந்தே அவர் சிரிக்கவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டார். போடாவிட்டால் கேட்கவில்லை.

பகலெல்லாம் சீட்டு விளையாடுவார். அது சலித்தால் கட்டம் கட்டமாக ஒரு விளையாட்டு. அம்மா எட்டிப் பார்த்து, "என்ன தம்பி இது?" என்றாள்.

"குண்டு, மதினி. எங்கன ஒளிஞ்சிருக்குன்னு கண்டுபிடிக்கணும்."

"மருந்து வச்சிருக்க வீட்ல வேற வெளையாட்டு கெடைக்கலையாக்கும்" என்று சொல்லிவிட்டு அம்மா போய்விட்டாள்.

மத்தியானம் ஆபீஸ் ஆட்கள் சாப்பாட்டுக்குக் கலைந்த பிறகுதான் இன்டர்நெட். அந்த நேரம் அப்பாவுக்கு ஆர்டர் போன் வராது. மோடம் முதலில் விசில் அடிக்கும், அப்புறம் தகரத்தில் ஆணியால் கீறும், அப்புறம் மண்ணெண்ணெய் ஸ்டவ் மாதிரி இரைந்து அடங்கும். சித்தப்பா ஏதோ அடிப்பார், அனுப்புவார், கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். ஒரு நிமிஷத்தில் ஒரு கடிதம் வரும். அதைப் படிப்பார். லைனைத் துண்டித்துவிட்டு உறையைப் போட்டு மூடிவிட்டுப் போய்ப் படுத்துவிடுவார். தினமும் இதே.

ஒருநாள் அப்பா என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டார்.

"ஏட்டி, சித்தப்பா பக்கத்துல உக்காந்து படம் வரையுத மாதிரி இரு. யாருக்கு எழுதுதான், யாரு எழுதுதாங்கன்னு பாத்துட்டு வந்து சொல்லு."

அவரும் பயந்துபோயிருந்தார் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு அது ஒரு வேலை, அவ்வளவுதான். சிமென்ட் தரையில் நோட்டை விரித்து உட்கார்ந்தேன். தமிழ் வழியில் படித்த எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வரும். சித்தப்பா என்னை விரட்டவில்லை. நான் இருப்பதையே கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். நாலு நாள் பார்த்துவிட்டுப் போய்ச் சொன்னேன்.

"சித்தப்பா டெஸ்ட்னு மட்டும் எழுதுதாங்க. ஒடனே பதில் வருது. தெனமும் ஒரே ஆளுதான்."

"யாரு?"

"மெய்லர் டேமன்."

அம்மா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தினாள். "டெஸ்ட்டா? அவளுக்குப் பரீட்சை எதுவும் இருக்கோ என்னமோ" என்றாள். அவள் என்று முதலில் சொன்னது அம்மாதான்.

"அதுல சித்தப்பா பேரும் இருக்குப்பா" என்றேன் நான். கூடுதலாகப் பார்த்துவந்த பெருமையில் சொன்னேன்.

"பேரச் சொல்லியா எழுதுதா?" என்றாள் அம்மா.

அப்பா அந்தப் பெயரை ஒரு தாளில் எழுதச் சொல்லி, எதிர்வீட்டு இங்கிலீஷ் சாரிடம் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வெள்ளைக்காரப் பேரு அண்ணாச்சி. மெய்லர்ங்கது இவிய பேரு, டேமன்ங்கது குடும்பப் பேரு."

"ஆம்பளையா, பொம்பளையா?"

சார் யோசித்தார். தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். "மெய்லர்… பொண்ணாத்தான் இருக்கும். ஆம்பளன்னா இவ்வளவு நளினமா வைக்க மாட்டான்" என்றார்.

அன்று சாயங்காலம் அப்பா முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதிக நேரம் இல்லை. வெளியே வந்தபோது முகம் கறுத்திருந்தது.

"கேட்டேன். வாயே தொறக்கல. தலையக் குனிஞ்சுக்கிட்டான்" என்றார் அம்மாவிடம்.

"அப்ப நெசந்தான்."

"அங்க ஒருத்திய வச்சுக்கிட்டு இங்க ஒரு பிள்ளையக் கட்டி அந்தப் பாவத்த நாம சொமக்க முடியாது."

அப்பா கெட்ட மனுஷன் இல்லை. இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அடுத்த நாள் காலையிலேயே பஸ் ஏறிக் கழுகுமலைக்குப் போனார். வெள்ளைக்காரி விஷயத்தைச் சொன்னால் தம்பி மானம் போகும், ஜாதகத்தைக் குறை சொன்னால் பொய் சொன்னதாகும் என்று வழியெல்லாம் யோசித்து, கடைசியில், "பையனுக்கு இஷ்டமில்லைங்கான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாராம். பூ வைத்தபோது அவர்கள் கொடுத்த வெள்ளித் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான், முடிந்தது. வீட்டில் யாரும் அழவில்லை. அம்மா அன்றைக்குப் புளிக்குழம்பு வைத்தாள். சித்தப்பாவும் சாப்பிட்டார்.

அந்த வாரமே பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அமெரிக்கா என்றுதான் நினைத்தோம். தீபாவளிக்குப் பெங்களூரிலிருந்து போன் வந்தது. "கம்பெனி அங்கன மாத்திட்டானாம்" என்றார் அப்பா. கம்ப்யூட்டர் உறைக்குள்ளேயே இருந்தது. டேபிள் ஃபேன் எங்களுக்குத் திரும்பிவந்தது.

மறுவருஷம் கோடை லீவில் என்னைக் கம்ப்யூட்டர் கிளாஸில் சேர்த்தார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் ஒரு சென்டர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஏசி போட்ட அறையில் வெறுங்காலோடு கம்ப்யூட்டர் ஒன்றுக்கு மூன்று பேர். உங்களில் பலர் இப்படித்தான் படித்திருப்பீர்கள். மவுஸைக் கழற்றி அடியில் இருக்கும் உருண்டையைத் துடைப்பதுதான் முதல் பாடம்.

முதல்நாள் ஃபாரத்தைப் பூர்த்திசெய்து டீச்சரிடம் நீட்டினேன். நிமிர்ந்து பார்த்தால், கழுகுமலைச் சித்தி.

அவர் ஃபாரத்தில் அப்பா பெயரையும் விலாசத்தையும் படித்தார். என்னைப் பார்த்தார். "மூணாவது சிஸ்டத்துல உக்காரு" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. மற்றப் பிள்ளைகளிடம் எப்படியோ அப்படித்தான் என்னிடமும். நான் டீச்சர் என்று கூப்பிடப் பழகிக்கொண்டேன். ஒன்றே ஒன்று புதிதாக இருந்தது. பல்லுக்குக் கம்பிக் க்ளிப் போட்டிருந்தார். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் பெரியவர்கள் யாரும் அதைப் போட்டு நான் பார்த்ததில்லை. அதற்காக மாதம் ஒரு தடவை திருநெல்வேலிக்குப் போய்வருவார் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். ச, ஷ வரும் இடத்திலெல்லாம் வார்த்தை கொஞ்சம் சறுக்கும்.

மூன்றாவது வாரம் மெயில் அனுப்பக் கற்றுக்கொடுத்தார். பக்கத்துப் பெண் விலாசத்தில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு அனுப்பினாள். ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. எட்டிப் பார்த்தேன். மெய்லர் டேமன்.

எழுந்து நின்றுவிட்டேன். "டீச்சர், இவிய யாரு?"

வகுப்பு சிரித்தது. டீச்சரும் லேசாகச் சிரித்தார்.

"இவியன்னு மரியாதையெல்லாம் வேண்டாம். இது ஆள் இல்ல, ஒரு புரோகிராம். மெய்லர் டீமன்னு சொல்லணும். நீங்க அனுப்புன விலாசத்துல அப்படி ஒருத்தர் இல்லைன்னா மெயிலத் திருப்பி அனுப்பும். போஸ்ட்மேன் கவர் மேல எழுதித் திருப்புவாருல்ல, அந்த மாதிரி. யாருக்கு அனுப்பி யாரு இல்லையோ, அந்தப் பேரு இங்கன இருக்கும், பாருங்க."

விரலை வைத்துக் காட்டினார். சித்தப்பாவின் கடிதத்தில் அதே இடத்தில்தான் சித்தப்பாவின் பெயர் இருந்தது.

ஆக, சித்தப்பா தினமும் மத்தியானம் தனக்கேதான் எழுதியிருக்கிறார். அமெரிக்கக் கம்பெனியில் அவருக்கு இருந்த மெயில் விலாசத்துக்கு. அப்படி ஒருத்தர் இங்கே இல்லை என்று அது தினமும் பதில் சொல்லியிருக்கிறது. இன்றைக்கு நான் ஒரு கம்பெனியில் மெயில் சர்வர் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். சில வெள்ளிக்கிழமைகளில் வேலையை விட்டு அனுப்பப்பட்டவர்களின் பட்டியல் ஒன்று வரும். சாயங்காலத்துக்குள் அந்தப் பெயர்களையெல்லாம் எடுத்துவிட வேண்டும். எடுத்த பிறகு அவர்களில் யாராவது தன் பழைய விலாசத்துக்குத் தானே எழுதிப் பார்க்கிறார்களா என்று நான் சர்வரின் லாக் பதிவைத் திறந்து பார்ப்பதில்லை. பார்த்தால் தெரிந்துவிடும்.

அன்றைக்கு இவ்வளவும் புரிந்தது என்று சொல்லமாட்டேன். பொம்பளை இல்லை என்பது புரிந்தது. பயமும் இல்லை, அழுகையும் இல்லை. வகுப்பு முடிந்து எல்லோரும் இறங்கிப் போன பிறகு, டீச்சர் ஒவ்வொரு மானிட்டராக உறை போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா பார்க்கச் சொன்னது, நான் சொன்னது, இங்கிலீஷ் சார் சொன்னது, எல்லாம்.

நான் முடித்ததும் அவர் கையில் இருந்த உறையை மடித்தார். மறுபடி விரித்தார்.

"அப்ப, அவிய என்னய வேண்டாம்னு சொல்லலையா?"

"இல்ல டீச்சர். நாங்கதான் அப்பிடி நெனச்சுக்கிட்டோம்."

"நான் என் பல்லுன்னு நெனச்சேன்" என்றார். வெகு சாதாரணமாகச் சொன்னார். "அவிய அங்கன எல்லாரும் அழகா இருப்பாங்கள்ல. அதான்."



"வேலை போயிருச்சுன்னு சொல்லியிருந்தா என்ன? நான் ஒரு வேலை பாக்கத்தான செய்யுதேன்" என்றார். உறையை மானிட்டரில் மாட்டிக்கொண்டே, "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன், இது என்னன்னு. எங்க வீட்டுக்கு வந்தப்ப உங்க அப்பா அந்தப் பேரச் சொல்லக்கூட இல்ல" என்றார்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தார்.

இரண்டு நாள் கழித்து அப்பாவின் டைரியிலிருந்து பெங்களூர் நம்பரை எழுதிக்கொண்டு, எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். கண்ணாடிக் கதவுக்குள் வேர்த்துக்கொட்டியது. தலைக்கு மேலே சிவப்பு எண்கள் ஓடின. சித்தப்பாதான் எடுத்தார். பின்னால் நிறையப் பேர் போனில் பேசும் சத்தம். யாருடைய கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை என்றாலும் போனிலேயே வழிசொல்லும் வேலையில் அவர் இருந்தார்.

"சித்தப்பா, கல்யாணம் நின்னது என்னாலதான். அந்த மெய்லர் டேமன் பொம்பள இல்லியாம். நான்தான் அப்பாகிட்ட…"

"தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"அண்ணாச்சி வந்து கேட்டாருல்ல, யாருலே அந்த மெய்லர் டேமன்னு. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. அப்பறம் அவரு மூஞ்சியப் பாத்தேன். அது ஆளு இல்லைன்னு சொன்னா, பின்ன என்னதுன்னு கேப்பாரு. வேலை போனதச் சொல்லணும். ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காரு. அதுக்கு இது லேசா இருந்துச்சு. பேசாம இருந்துட்டேன்."

எண்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"அவியதான் எங்களுக்குக் கம்ப்யூட்டர் டீச்சர். கழுகுமலைச் சித்தி" என்றேன். "பல்லுக்குக் க்ளிப் போட்டிருக்காங்க."

"க்ளிப்பா? என்னத்துக்கு?"

"சும்மாதான்" என்றேன்.

"சரி வையி. இங்கன இன்னொரு கால் வருது."

அதற்கு நாலு வருஷம் கழித்துச் சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆனது. ஒரு பையன். இப்போதும் பெங்களூர்தான். விசேஷ வீடுகளில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு எல்லோருடைய போனையும் சரிசெய்து கொடுப்பார். அப்பாவிடம் நான் விஷயத்தைச் சொன்னபோது அவர் வெகுநேரம் தீப்பெட்டிக் கட்டு ஒன்றைப் புரட்டிக்கொண்டே இருந்துவிட்டு, "இப்பச் சொல்லி என்ன செய்ய" என்றார். வேலை போனது தெரிந்திருந்தாலும் கழுகுமலைக்காரர்கள் நிறுத்தித்தான் இருப்பார்கள் என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள். நான் மறுத்துப் பேசுவதில்லை.

கிளாஸின் கடைசி நாள். டீச்சர் மேஜையில் சர்டிபிகேட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். அவருக்குச் சாத்தூரில் மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. அச்சாபீஸ் வைத்திருப்பவர். மற்றப் பிள்ளைகள் வாங்கிக்கொண்டு இறங்கினார்கள். என் முறை வந்ததும், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"சித்தப்பாகிட்டப் பேசுனியா?"

"பேசுனேன் டீச்சர்."

"என்ன சொன்னாங்க?"

வெளியே பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. கண்டக்டர் அதன் முதுகில் தட்டும் சத்தம் கேட்டது. எனக்குப் பதின்மூன்று வயசு. யோசித்ததாக ஞாபகம் இல்லை.

"அப்பா அவியகிட்டக் கேக்கவே இல்லையாம் டீச்சர். அவியளுக்கு ஒண்ணுமே தெரியாதாம். நான் சொல்லித்தான் தெரியுமாம்."

பேனா நிற்கவில்லை. என் பெயரை முழுக்க எழுதி, கீழே தேதி போட்டு, மை காய வாயால் ஊதினார். அப்புறம் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இனிஷியல் சரியா இருக்கான்னு பாத்துக்கோ" என்றார்.

சரியாகத்தான் இருந்தது.